நாய்க்குட்டிக்கு என்னமோ சரியில்ல: டர்பன் வீடுகளுக்கு, அறிகுறியப் பார்த்து என்ன செய்யணும்னு

எங்க கருப்பி அஞ்சு மாசக் குட்டியா இருந்தப்ப ஒருநாள் காலையில சாப்பாடு வச்சும் எந்திரிச்சு வரல. டர்பன் ஜனவரி மாசம், புழுக்கம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, வெயிலுக்கு சோர்ந்து கிடக்குன்னு நானா முடிவு பண்ணிட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தவங்க குட்டியத் தொட்டுப் பார்த்துட்டு நேரா மேலுதட்டத் தூக்கினாங்க. "தம்பி, ஈறு எப்படி வெளுத்துருக்கு பாரு, இது பிலியரி, இப்பவே கார எடு"ன்னாங்க. இங்க சாட்ஸ்வொர்த் ஏரியாவுல நாப்பது வருஷமா நாய் வளர்க்கிறவங்க. அன்னிக்கு ராத்திரியே ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு, குட்டி பொழைச்சுருச்சு. காலையிலயே உதட்டத் தூக்கிப் பார்த்திருந்தா ஒரு ஊசியோட முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல ஈறப் பாருங்க. ஆனா சரியில்லாத ஈறு எப்படி இருக்கும்னு தெரியணும்னா நல்லா இருக்கிற ஈற முன்னாடியே பார்த்து வச்சிருக்கணும், அதனால இன்னிக்கே, உங்க நாயோ பூனையோ சுகமா இருக்கும்போதே, கீழ இருக்கிறத செஞ்சு பாருங்க.

மேலுதட்டத் தூக்கினா ஈறு ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா அந்த இடம் வெள்ளையாகி 2 செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். சில நாய்க்கு ஈறே கருப்பா இருக்கும், அதுக்கு கீழ் இமைய லேசா இழுத்து உள்பக்கத்தப் பாருங்க. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க, 30க்குக் கீழ இருக்கணும். காய்ச்சல் இருக்கான்னு மூக்கத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஃபார்மசியில விக்கிற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ண வாங்கி நாய்க்குன்னே தனியா வச்சுக்கங்க, நுனியில கொஞ்சம் வாஸ்லின் தடவி பின்பக்கம் வச்சுப் பார்த்தா நாய்க்கு 38.3லருந்து 39.2 டிகிரி வரைக்கும் சாதாரணம், பூனைக்கும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம உடம்பு கணக்க வச்சு 38.8ஐப் பார்த்துட்டு பயப்படாதீங்க.

படுத்தே கிடக்கு, சாப்பிடல, ஈறு வெளுத்திருக்கு

இந்த ஊர்ல இருந்தா மொதல்ல பிலியரின்னு சந்தேகப்படுங்க. உண்ணி கடிச்சு வர்றது. பபீசியான்னு ஒரு நுண்கிருமி ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுக்குள்ள புகுந்து ஒடைச்சிடும், ரத்தம் கொறையக் கொறைய ஈறு வெளுக்கும், சில நாய்க்கு மஞ்சளாவும் ஆகும். ஒண்ணுக்குப் போறது கெட்டியா போட்ட ரூயிபோஸ் டீ மாதிரி செவந்து கருத்து வரும். காய்ச்சல் 40க்கு மேல போகும். தென்னாப்பிரிக்காவுல நாய்க்கு வர்ற பபீசியா வகை மத்த நாட்டுல இருக்கிறதவிட ரொம்ப மோசமானது, ரெண்டு மூணு நாள்ல நாயையே முடிச்சிடும், அதனால நாளைக்குப் பார்க்கலாம்ங்கிற பேச்சே வேணாம்.

இதுல பலரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. உடம்பெல்லாம் தேடிப் பார்த்தேன் உண்ணியே இல்ல, அப்ப பிலியரியா இருக்காதுன்னு நெனச்சுக்குவாங்க. உண்ணி கடிச்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் நோய் தெரியும், அதுக்குள்ள அந்த உண்ணி ரத்தம் குடிச்சு உதிர்ந்து போயிருக்கும். கருப்பிக்கும் அப்படித்தான், ஒரு உண்ணிகூட கைல சிக்கல. டாக்டர் காது நுனியில ஊசியால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடித் துண்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்து அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க.

தடுக்கிறதுக்கு மாசம் ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ குடுக்கிற உண்ணி மாத்திரை இருக்கு, குட்டியோட எடை வயசு சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. இந்த உண்ணி சின்னதா இருக்கும்போது எலி மேல வாழ்ந்து, பெருசானதும் நாய் மேல ஏறும். பக்கத்துல கரும்புக் காடோ புதரோ இருந்தா, வெளிய போயிட்டு வந்ததும் காதுக்குள்ள, விரலிடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில விரல விட்டுத் தடவிப் பாருங்க.

ஒண்ணு கைகூப்பிக் கேட்டுக்கிறேன். உண்ணிக்கும் தெள்ளுக்கும் ஜேய்ஸ் ஃப்ளூயிட் கலந்து குளிப்பாட்டுறது, சொறிக்கு கார்ல இருந்து வடிச்ச பழைய எஞ்சின் ஆயில் தடவுறது, ரெண்டும் இங்க தாத்தா காலத்துல இருந்து நடக்குது. ஜேய்ஸ் சாக்கடையும் தரையும் கழுவுற மருந்து. தோலை எரிக்கும், நாயும் பூனையும் நக்கினா உள்ளயும் போகும். குட்டிக்கும் பூனைக்கும் உயிரே போகும்.

எச்சில் ஊத்துது, வாயத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு

இதுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் செய்யவேண்டியது வேற வேற, அதனால பதறாம பாருங்க.

மழை பெஞ்ச ராத்திரி, தோட்டத்துல இருந்து ஓடி வந்து நுரையா எச்சில் விடுது, முன்னங்காலால வாயத் தேய்க்குது, ஈறு நல்லா செவந்திருக்குன்னா தேரையக் கவ்வியிருக்கும். ராத்திரி குறட்டை மாதிரி கத்துமே அந்தப் பெரிய தேரைதான். (1922ல மொரீஷியஸுக்குக் கொண்டுபோய் விட்டதும் இதே இனம்தான், அங்க இருக்கிற நம்ம சொந்தக்காரங்க வீட்டு நாய்க்கும் இதே தொந்தரவு.) குட்டியோட தலையக் கீழ சாய்ச்சு, ஹோஸ் பைப்ப வாய் ஓரத்துல வச்சு முன்பக்கமா தண்ணி வெளிய ஓடுற மாதிரி கழுவுங்க, தொண்டைக்குள்ள பீய்ச்சாதீங்க, தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். ஈரத்துணியால நாக்கையும் ஈறையும் துடைச்சு விடுங்க. பெரும்பாலும் அரைமணி நேரத்துல சரியாகும். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ டாக்டர்கிட்ட போங்க.

எச்சிலோட சேர்ந்து கண்ணுல தண்ணி, வாந்தி, அடக்க முடியாம வெளிக்கும் ஒண்ணுக்கும் போறது, உடம்பு துடிக்கிறது, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா அது விஷம். இங்க டூ ஸ்டெப்புன்னு சொல்றது. ஆல்டிகார்ப்ங்கிற பூச்சிமருந்து, கசகசா அளவுல கருப்பு மணியா இருக்கும். திருட வர்றவங்க நாய அடக்க பொலோனிக் கறித் துண்டுக்குள்ள வச்சு சுவருக்கு மேல வீசுறாங்க. சட்டப்படி விக்கக்கூடாது, ஆனா எலி மருந்துன்னு சொல்லி தெருவோரத்துல சின்னப் பொட்டலத்துல வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அதே மாதிரி தெருவுல விக்கிற டெர்புஃபாஸ்னாலதான் 2024 அக்டோபர்ல சொவெட்டோவுல நலேடியில 6 பிள்ளைங்க செத்துப் போனாங்க, நாய்க்கு மட்டும் ஆபத்துன்னு நெனைக்காதீங்க, அந்தப் பொட்டலத்த வீட்டுக்குள்ளயே கொண்டுவராதீங்க. இந்த விஷத்துக்கு முறிமருந்து உண்டு, அட்ரோபின், எல்லா வெட் (கால்நடை டாக்டர்) கிட்டயும் இருக்கும், ஆனா நேரம் நிமிஷக் கணக்குலதான் கிடைக்கும். வீட்டுல ஒண்ணும் குடுத்துப் பார்க்காதீங்க. போற வழியிலயே ஃபோன் போட்டு டூ ஸ்டெப் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டா ஊசிய ரெடியா வச்சிருப்பாங்க. வாந்தியையோ மீதிக் கறியையோ தொட்டா கையுறை போட்டுத் தொடுங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பயம். எச்சில் ஒழுகுது, கீழ்த்தாடை தொங்குது, முழுங்க முடியல, குரல் மாறியிருக்கு. பார்க்கிறவங்க எல்லாரும் தொண்டையில எலும்பு சிக்கிருச்சுன்னு நெனச்சு வாய்க்குள்ள கைய விடுவாங்க. விடாதீங்க. ரேபிஸ்லயும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். குவாசுலு நட்டால்ல 1976ல இருந்து நாய்ங்க மத்தியில ரேபிஸ் இருந்துக்கிட்டேதான் இருக்கு. வெறிபிடிச்சா குரைச்சுக்கிட்டு கடிக்க வரும்னுதான் பலபேர் நெனைக்கிறாங்க, ஆனா அமைதியா ஒதுங்கி, திடீர்னு ரொம்பக் கொஞ்சிக்கிட்டு வர்ற ரேபிஸும் இருக்கு. ஊசி போடாத நாய், இல்ல எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாத குட்டி இப்படி இருந்தா, தொடாம ஒரு ரூம்ல அடைச்சுட்டு ஸ்டேட் வெட்டுக்கு (அரசாங்க கால்நடை டாக்டர்) ஃபோன் பண்ணுங்க. ஏற்கனவே கடிச்சிருந்தா, பிறாண்டியிருந்தா, எச்சில் கைக்காயத்துல பட்டிருந்தா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே கிளினிக் போய் ஊசி போட்டுக்கங்க. நோய் தலைகாட்டினப்பறம் மனுஷனுக்கு வைத்தியமே இல்ல, ஆனா உடனே கழுவி ஊசி போட்டா தப்பிச்சிடலாம். நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி இங்க சட்டப்படி கட்டாயம், ஸ்டேட் வெட் வண்டி ஏரியாவுக்கு வரும்போது இலவசமாவே போடுறாங்க.

உதறுது, நிக்க முடியல, வலிப்பு வருது

வலிப்பு வரும்போது நாக்க முழுங்கிடும்னு வாய்க்குள்ள ஸ்பூன் வைக்காதீங்க, நாக்க முழுங்காது, உங்க விரல்தான் போகும். சுத்தி இருக்கிற சாமானத் தள்ளி வச்சுட்டு, லைட்ட அணைச்சுட்டு, எத்தன நிமிஷம்னு கடிகாரத்தப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலோ, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு வந்தாலோ அப்படியே டவல்ல சுத்தித் தூக்கிட்டு ஓடுங்க.

அப்புறம் தோட்டத்தப் பாருங்க. நத்தை மருந்து போட்டீங்களா? பச்சை, நீல நிறத்துல இருக்கிற அந்த மணி நாய் பிஸ்கட் மாதிரியே வாசனை வரும், தேடித் தேடித் தின்னும். உதறல் ஆரம்பிச்சு உடம்பு அனலா கொதிக்கும். கீரையும் கத்திரிச் செடியும் வச்சிருக்கிற வீடுங்கள்ல நத்தைக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க, ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கையால பொறுக்கிப் போடுங்க, நான் அப்படித்தான் செய்றேன்.

நேத்து இன்னிக்கு நாளைக்குன்னு பேர் வச்ச செடி ஒண்ணு டர்பன்ல வீட்டுக்கு வீடு இருக்கும், ஊதா நிறத்துல பூத்து மறுநாள் வெளுத்து அதுக்கடுத்த நாள் வெள்ளையாகுமே, அதேதான். அதோட காயும் விதையும் நாய்க்கு நல்ல விஷம், வாந்தி எடுக்கும், தும்மும், விறைச்சு வலிப்பு வரும், அந்த உதறல் நாள்கணக்குலகூட இருக்கும். அழகான செடி, வாசனையும் உண்டு, எங்க வீட்டுலயும் இருந்துச்சு, குட்டி வந்த வாரமே வேரோட எடுத்துட்டேன். சைக்கட் மரத்தோட ஆரஞ்சு கலர் விதையும் அப்படித்தான், அது கல்லீரல அழிச்சிடும், பல நாய் பொழைக்கிறதில்ல.

ரொம்ப சின்னக் குட்டி, ரெண்டு கிலோகூட இருக்காது, பால் மறந்து புதுசா வீட்டுக்கு வந்திருக்கு, காலையில துவண்டு கிடந்து உதறுதுன்னா பசியில சர்க்கரை எறங்கியிருக்கலாம். ஈறுல கொஞ்சம் தேன் தடவிக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க. பெரிய நாய் சுகர் ஃப்ரீ சூயிங்கம் டப்பாவக் கடிச்சிருந்தாலும் இதேதான் நடக்கும், அதுல இருக்கிற சைலிட்டால் அரைமணி நேரத்துல நாயோட சர்க்கரையப் போட்டு எறக்கிடும்.

வாந்தி, வயித்தோட்டம்

ஊசி முழுசா போடாத குட்டி, வாந்தி, அப்புறம் ரத்தமா, தாங்கமுடியாத நாத்தத்தோட லூஸ் மோஷன்: பார்வோ. தண்ணி வத்திப்போய் சாகும், அதனால டிரிப்ஸ்தான் வைத்தியம், கஞ்சியும் மோரும் குடுத்து வீட்டுல வச்சுப் பார்க்கிற நோய் இல்ல இது. அந்தக் கிருமி மண்ணுல ஒரு வருஷம் வரைக்கும்கூட உயிரோட இருக்கும், அதனால பார்வோவுல ஒரு குட்டி போச்சுன்னா அதே முற்றத்துக்கு ஊசி போடாத அடுத்த குட்டியக் கொண்டுவராதீங்க. 6 லருந்து 8 வாரத்துல மொத ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும் போடணும். அதுவரைக்கும் ரோட்டுல நடத்தவேணாம், தூக்கிட்டுப் போங்க.

பெரிய நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்குது, வெளிக்கே போகலன்னா பிராய்க்கு (வெளிய கறி சுட்டுச் சாப்பிடுறது) அப்புறம் சோளத்த எங்க போட்டீங்கன்னு கேளுங்க. மீலி (சோளக் கதிர்) தின்னுட்டுப் போடுற தக்கைய நாய் முழுசா முழுங்கும், அது செரிக்காது, குடல அடைச்சு ஆபரேஷன்ல போய் நிக்கும். குப்பை டப்பாவுக்கு மூடி போடுங்க. நம்ம வீட்டுச் சாப்பாட்டுல வெங்காயம் பூண்டு (சிவப்பு அணுவ ஒடைக்கும், பிரியாணி மசாலா மொத்தமும் அதுதானே), கிஸ்மிஸ் (கிட்னி போகும், தீபாவளிப் பாயசத்துலயும் இருக்கும்), சாக்லேட், வேகவச்ச கோழி எலும்பு, எதையும் குடுக்காதீங்க.

வாந்தி வர்ற மாதிரி ஒமட்டுது, ஒண்ணும் வரல, வயிறு ட்ரம் மாதிரி இருக்கு

ஆழமான நெஞ்சுள்ள பெரிய ஜாதி, ஜெர்மன் ஷெப்பர்ட், போர்போல் மாதிரி, இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கு. எந்த நேரமா இருந்தாலும் சரி, உடனே கிளம்புங்க.

மூஞ்சி வீங்கியிருக்கு, இல்ல கண்ணத் திறக்கமாட்டேங்குது

தேனீ குளவின்னா பெரும்பாலும் சில மணி நேரத்துல வத்தும், மூச்சு திணறினாதான் அவசரம். ஆனா ராத்திரி குரைச்சுக்கிட்டே இருந்த நாய் திடீர்னு கத்தி கண்ண மூடிக்கிட்டு மூஞ்சியத் தரையில தேய்ச்சா மொசாம்பிக் நாகம் கண்ணுல விஷத்தத் துப்பியிருக்கு. சாதாத் தண்ணியால கண்ண 15, 20 நிமிஷம் விடாம கழுவுங்க, பால் வேணாம், வெட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே கழுவிடணும். கடிச்சிருந்தா மூக்குலயோ காலுலயோ வீங்கி கருக்கும். கீறி ரத்தம் எடுக்கிறது, கயிறு கட்டுறது, ஐஸ் வைக்கிறது எதுவும் வேணாம், நடக்கவிடாம தூக்கிட்டுப் போங்க. பாம்ப அடிக்கப் போகாதீங்க, தூரத்துல நின்னு ஃபோட்டோ எடுத்தா போதும். சாட்ஸ்வொர்த், குயீன்ஸ்பர்க் பக்கம் ப்ளாக் மாம்பாவும் இருக்கு, அது கடிச்ச நாய் வீங்காது, தள்ளாடி மூச்சு நிக்கும்.

பூனைக்குன்னு தனியா

பூனை நோவ மறைக்கும், அதனால கொஞ்சமா தெரிஞ்சாலே நெறைய இருக்குன்னு வச்சுக்கங்க. கடுவன் பூனை மண் டப்பாவுல திரும்பத் திரும்ப உக்காந்து முக்குது, ஒரு சொட்டுகூட வரல, கத்துதுன்னா மலச்சிக்கல் இல்ல, ஒண்ணுக்கு அடைச்சிருக்கு, ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிர் போயிடும். பனாடோ (பாரசிட்டமால்) பாதி மாத்திரைகூட பூனையக் கொல்லும், ஈறு சாக்லேட் கலர்ல மாறினா அதுதான். நாய்க்குப் போடுற பெர்மெத்ரின் உண்ணி மருந்த பூனை மேல விட்டா உதறி விழும், அந்த நாயோட சேர்ந்து தூங்கினாகூட ஆபத்து. பூனை உள்ள வீட்டுல லில்லி வேணவே வேணாம், கோடையில ரோட்டோரமெல்லாம் தானா பூக்குதே அந்த செயின்ட் ஜோசப் லில்லியும் சேர்த்து. ரோமத்துல ஒட்டின மகரந்தத்த நக்கினாலே கிட்னி போயிடும். சாவு வீட்டுல இருந்து கொண்டுவந்த பூங்கொத்த வீட்டுக்குள்ள வைக்காதீங்க.

நாக்கத் தொங்கப்போட்டு இரைக்குது, ஈறு செங்கல் மாதிரி செவந்திருக்கு

வெயில் தாக்கியிருக்கு. குழாய்த் தண்ணிய உடம்பெல்லாம் ஊத்தி ஃபேனுக்கு முன்னாடி விடுங்க, நனைஞ்ச டவலப் போத்தி மூடாதீங்க, சூடு உள்ளயே நிக்கும். குளிர வச்சுட்டு அப்புறம் வண்டில ஏத்துங்க.

பட்டாசுக்கு நடுங்குது, காணாமப் போயிருச்சு

தீபாவளியும் கய் ஃபாக்ஸும் (நவம்பர் 5 பட்டாசு ராத்திரி) இங்க பெரும்பாலும் சில வாரத்துக்குள்ளயே ஒண்ணையடுத்து ஒண்ணு வரும். பொழுது சாயுறதுக்கு முன்னாடியே நடத்திட்டு வந்து ஜன்னல் இல்லாத ரூம்ல டிவி சத்தத்தோட அடைச்சிடுங்க. செயின்ல கட்டாதீங்க, பயத்துல சுவர் தாண்டி தூக்குப் போட்ட மாதிரி தொங்கின நாய எங்க தெருவுலயே நான் எறக்கியிருக்கேன். மைக்ரோசிப் போட்டு அதுல இருக்கிற ஃபோன் நம்பர் இப்பவும் உங்களுதுதானான்னு சரிபாருங்க. காணாமப் போயிருந்தா அன்னிக்கு ராத்திரியே நீச்சல் குளத்தையும் பாருங்க, நம்முதும் பக்கத்து வீட்டுதும். குட்டிக்கு நீந்தத் தெரியும், படி எங்க இருக்குன்னுதான் தெரியாது, அத ரெண்டு மூணு தடவ நாமளே எறக்கிவிட்டுப் பழக்கணும்.

வண்டில ஏத்துறதுக்கு முன்னாடி

என்ன தின்னுச்சோ அந்தப் பாக்கெட்ட கையில எடுத்துக்கங்க, எத்தன மணிக்கு, எவ்வளவுன்னு. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, அந்த உப்பே விஷமாகும். பால், எண்ணெய், பச்சை முட்டை, மஞ்சத்தண்ணி ஒண்ணும் விஷத்த முறிக்காது, உதறுற நாய்க்கு வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். வலியில இருக்கிற நாய் நம்ம நாயா இருந்தாலும் கடிக்கும், பழைய ஸ்டாக்கிங்கால வாயக் கட்டுங்க, ஆனா வாந்தி எடுக்குதுன்னா, மூச்சு திணறுதுன்னா கட்டாதீங்க. ராத்திரி திறந்திருக்கிற வெட்டோட நம்பர பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, கரண்ட் போய் ஃபோன்ல சார்ஜும் இல்லாத ராத்திரியிலதான் அது வேணும்னு வரும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல அந்த நம்பருக்குக் கீழயே கருப்பியோட எடை, கடைசியா உண்ணி மாத்திரை குடுத்த தேதி, ஊசி போட்ட தேதி எழுதியிருக்கு, ஃபோன எடுக்கிறவங்க மொதல்ல கேக்கிறது அந்த மூணும்தான்.